பழைய கணினி: திருத்திப் பாவிப்பதா, புதிது வாங்குவதா?

கடந்த மாதம் கிளிநொச்சி நகரிலுள்ள ஒரு கணினிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா முச்சக்கரவண்டியில் ஒரு டெஸ்க்டொப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். மீள்குடியேறிய பிறகு, 2012இல் மகளின் படிப்புக்காக வாங்கியதாம். இப்போது தொடங்குவதற்கே பத்து நிமிடம் எடுக்கிறது, இடையிடையே இறுகிப்போய் நிற்கிறது என்றார். கடைப் பையன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்குச் செலவழிச்சு வேலையில்லை அம்மா. இதைத் தந்திட்டுப் போங்கோ, புதுசு எடுக்கேக்க கொஞ்சம் கழிச்சுவிடுறம்" என்றான்.

அம்மா தலையசைத்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "அப்ப உள்ளுக்க இருக்கிற படங்கள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் முதலாவதாக வந்திருக்க வேண்டும். ஒரு பழைய கணினியைத் தரமுயர்த்துவதா, கைவிட்டுப் புதிது வாங்குவதா என்று யோசிக்கும்போது நாம் பெட்டியைப் பற்றியே யோசிக்கிறோம். பெட்டி வேறு, அதற்குள் இருப்பது வேறு. பெட்டியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். உள்ளிருப்பதை ஒருமுறை இழந்தால் மீண்டும் வாங்கக் கடை இல்லை.

இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது, எந்தக் கணினிக்குச் செலவழிக்கலாம், எதற்குச் செலவழிக்கக்கூடாது என்பதை இந்தக் கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது. கணினி படித்தவராக இருக்க வேண்டியதில்லை. கடைக்காரரிடம் சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

முதலில் பிரதி, பிறகுதான் முடிவு

2009இல் வன்னியிலிருந்து வெளியேறியவர்களில் பலர் உடுத்த உடையுடன் வந்தார்கள். குடும்பப் படங்களும் காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் பதுங்குகுழிகளிலும் வீதியோரங்களிலும் விடுபட்டன. பின்னர் வெளிநாட்டு உறவினர்களிடம் இருந்த படங்களை மின்னஞ்சலில் வாங்கியும், தப்பிய ஒன்றிரண்டு படங்களை ஸ்கான் செய்தும் பல குடும்பங்கள் மீண்டும் சேர்த்தன. 2010இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கும், 2013இல் அமைக்கப்பட்ட காணாமற்போனோர் தொடர்பான ஜனாதிபதி ஆணைக்குழுவுக்கும், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் கொடுத்த விண்ணப்பங்களின் பிரதிகளை இத்தகைய கணினிகளில் வைத்திருப்பவர்கள் உண்டு. பத்து, பன்னிரண்டு ஆண்டுகளாகச் சுழன்றுகொண்டிருக்கும் ஒரே ஒரு வன்தட்டில் இவை அத்தனையும் இருந்தால், அதுதான் உங்கள் வீட்டிலுள்ள மிகப் பெரிய ஆபத்து.

ஆகவே கடைக்குக் கொண்டுபோக முன்னரே பிரதி எடுங்கள். கணினித் துறையில் ஒரு பழைய விதி உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறோர் இடத்தில். ஒன்று கணினியில் இருக்கட்டும். இன்னொன்றை வெளியே பொருத்தும் வன்தட்டிலோ பென் ட்ரைவிலோ வையுங்கள். மூன்றாவது உங்கள் வீட்டில் இருக்கக்கூடாது. மகளின் வீட்டில் இருக்கலாம், அல்லது கூகுள் ட்ரைவ் போன்ற இணையச் சேமிப்பில் இருக்கலாம். கூகுள் கணக்கு ஒன்றுக்கு 15 ஜிபி இலவசமாகக் கிடைக்கிறது. கடிதங்களுக்கும் ஸ்கான் செய்த சான்றிதழ்களுக்கும் சில ஆயிரம் படங்களுக்கும் அது போதும். எல்லாவற்றையும் ஒரே பெட்டகத்தில் வைத்து இழந்த அனுபவம் நமக்கு உண்டு. இந்த விதியின் பொருளை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மற்றவர் பார்வைக்குப் போகக்கூடாத சாட்சியங்களோ முறைப்பாடுகளோ இருந்தால், 7-சிப் என்ற இலவச மென்பொருளால் அவற்றை ஒரே கோப்பாக்கிக் கடவுச்சொல் இட்டுப் பூட்டிவிட்டு, அதன் பிறகே இணையத்தில் ஏற்றுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். மறந்தால் யாராலும் திறக்க முடியாது.

கணினி தொடங்கவே இல்லையென்றாலும் உள்ளே இருப்பவை போய்விட்டன என்று பொருளில்லை. பெரும்பாலும் பெட்டிதான் செத்திருக்கும், வன்தட்டு உயிரோடு இருக்கும். அதைக் கழற்றி, யூஎஸ்பி இணைப்பி ஒன்றின் மூலம் வேறு கணினியில் பொருத்தினால் படங்களை எடுக்கலாம். 2005ஐ ஒட்டிய காலத்துத் தட்டையான அகல வயர் கொண்ட ஐடிஈ வன்தட்டுகளுக்கும் இணைப்பி கிடைக்கிறது. ஆனால் வன்தட்டிலிருந்து டிக், டிக் என்ற சத்தம் தொடர்ந்து வந்தால் உடனே நிறுத்துங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் சேதம் கூடும். அந்த நிலையில் தரவு மீட்பை மட்டுமே செய்யும் ஒருவரிடம் கொடுப்பதுதான் வழி.

இன்னொன்றும் உண்டு. 2000களில் நம்மவர்கள் தட்டச்சு செய்த கடிதங்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். புதிய கணினியில் அவற்றைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் குழம்பித் தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். எழுத்துரு இல்லாததுதான் காரணம். பழைய கணினியின் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'ஃபொன்ட்ஸ்' என்ற கோப்புறையிலிருந்து பாமினியையும் சேர்த்துப் பிரதி எடுத்து வையுங்கள். ஆறுதலாக அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றலாம். அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன.

மெதுவாக ஓடுகிறதா, பழுதாகிவிட்டதா?

இவை இரண்டும் வேறு வேறு நோய்கள். பழுதான கணினிக்குத் தரமுயர்த்தல் மருந்தல்ல. மெதுவான கணினிக்குத் திருத்த வேலை தேவையில்லை.

சிறிய செலவில் அல்லது செலவே இல்லாமல் தீரும் பழுதுகள் சில உண்டு. ஒவ்வொரு முறையும் திகதியும் நேரமும் பழைய ஆண்டுக்குப் போகிறதென்றால், மதர்போர்ட்டிலுள்ள சிஆர் 2032 என்ற நாணய அளவு பட்டரி தீர்ந்துவிட்டது. பட்டரி மாற்றினால் சரி. மொனிட்டரில் ஒன்றும் தெரியாமல் பெட்டி பீப் பீப் என்று கத்தினால், பெரும்பாலும் ரம் துண்டின் பொன்னிறப் பற்களில் அழுக்கு ஏறியிருக்கும். அதைக் கழற்றிப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து மீண்டும் இறுகப் பொருத்தினால் பல பெட்டிகள் எழும்பிவிடும். அரை மணித்தியாலம் ஓடியபின் தானாக நின்றால் வெப்பம் காரணமாகலாம். புரொசசரின் மேலுள்ள விசிறியில் தூசு அடைத்திருக்கும், அடியிலுள்ள வெப்பப் பசை காய்ந்திருக்கும். செம்மண் தூசுப் பிரதேசங்களில் இது சாதாரணம்.

பெட்டியைத் திறக்க முன் மின்வயரைக் கழற்றுங்கள். உலோகப் பகுதி ஒன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை இறக்கிவிடுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

மின் ஏறி இறங்குவதாலும் இடி மின்னலாலும் முதலில் சாவது பெரும்பாலும் அந்தப் பவர் சப்ளைதான். அதை மட்டும் மாற்றினால் பெட்டி பிழைக்கும். மலிவான பெட்டிகளின் மேல் 500 வோற் என்று ஒட்டியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். நல்ல தரமான 400 வோற், பெயருக்கு ஒட்டிய 500 வோற்றைவிட மேல். ஆனால் மதர்போர்ட்டில் சிறு உருளைகளாக நிற்கும் மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தாலோ, அவற்றிலிருந்து கசிந்திருந்தாலோ அது வேறு கதை. அந்தப் போர்ட்டுக்கு இனிப் பணம் போடக்கூடாது.

பழுது எதுவும் இல்லை, மெதுவாக மட்டுமே ஓடுகிறது என்றால் காரணத்தைக் கணினியே சொல்லும். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் 'பெர்போமன்ஸ்' என்ற பகுதிக்குப் போங்கள். வழமையாகச் செய்யும் வேலைகளைச் செய்தபடியே அதைக் கவனியுங்கள். டிஸ்க் 100 வீதத்தில் அடித்துக்கொண்டு நின்றால் வன்தட்டுத்தான் இழுக்கிறது. மெமரி 85, 90 வீதத்தைத் தாண்டி நின்றால் ரம் போதவில்லை. சிபியூ நெடுநேரம் 100 வீதத்தில் நின்றால்தான் புரொசசரின் குறை. எந்த மூச்சு அடைக்கிறது என்று தெரியாமல் எதையும் வாங்கக்கூடாது.

கணினியின் வயதை எப்படி அறிவது?

அதே இடத்தில் சிபியூ என்பதை அழுத்தினால் புரொசசரின் பெயர் தெரியும். இன்டெல் கோர் ஐ3, ஐ5, ஐ7 என்பதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 2011இலும் ஐ5 இருந்தது, 2020இலும் ஐ5 வந்தது. அதன் பிறகு வரும் இலக்கம்தான் வயது. ஐ3-2120 என்றால் 2 இல் தொடங்குவதால் இரண்டாம் தலைமுறை, 2011ஐச் சேர்ந்தது. ஐ5-4570 நான்காம் தலைமுறை, 2013. ஐ5-6500 ஆறாம் தலைமுறை, 2015. ஐ5-8400 எட்டாம் தலைமுறை, 2017. ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டையும் பாருங்கள். ஐ5-10400 பத்தாம் தலைமுறை, 2020. கோர் 2 டுவோ என்று இருந்தால் அது இந்த வரிசைக்கும் முந்தியது.

இந்த இலக்கத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே ரம் எத்தனை ஜிபி, அது டிடிஆர்2 ஆ, 3 ஆ, 4 ஆ, விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் எழுதுங்கள். கடைக்குப் போகும்போது பெட்டியைத் தூக்கிப் போவதைவிட இந்தத் தாளைக் கொண்டுபோவது மேல்.

எதை மாற்றினால் பலன் கிடைக்கும்?

2011 முதல் 2017 வரையான பெரும்பாலான கணினிகளுக்கு விடை ஒன்றுதான்: வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது. பழைய வன்தட்டுக்குள் நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் தட்டும் அதன்மேல் ஓடும் ஒரு கையும் இருக்கின்றன. ஒரு கோப்பின் துண்டைத் தேடிப் பிடிக்க அந்தக் கைக்கு ஏறக்குறைய 10 மில்லி செக்கன் பிடிக்கும். எஸ்எஸ்டியில் அசையும் பகுதியே இல்லை. அதே வேலைக்கு 0.1 மில்லி செக்கன் அளவே போதும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறக்கிறது. நிமிடக்கணக்கில் காத்திருந்த கணினி அரை நிமிடத்தில் எழும்புவது இதனால்தான். 2012ஐ ஒட்டி இங்கே அதிகம் விற்பனையான எச்61 வகை மதர்போர்ட்டுகளில் எஸ்எஸ்டி அதன் முழு வேகத்தில் ஓடாது. ஆனாலும் தேடும் நேரம் குறைவதால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். வீட்டுப் பாவனைக்கு 240 அல்லது 256 ஜிபி போதும்.

இரண்டாவது ரம். இன்றைய இணைய உலாவிகளுக்கு 4 ஜிபி நெருக்கடி, 8 ஜிபி நிம்மதி. ஆனால் வாங்க முன் இரண்டு விடயங்களைப் பாருங்கள். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பாவிக்காது. அதை 64 பிட்டுக்கு மாற்றாமல் ரம் கூட்டினால் பணம் வீண். அடுத்து, மதர்போர்ட் எவ்வளவு தாங்கும் என்பது. கோர் 2 டுவோ காலத்து ஜி31 போர்ட்டுகளின் உச்சம் 4 ஜிபி. எச்61 போர்ட்டுகள் 16 ஜிபி வரை தாங்கும். டிடிஆர்2, 3, 4 மூன்றும் ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும்.

2025இன் பிற்பகுதியிலிருந்து ரம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவைக்காகத் தயாரிப்பாளர்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பியதே முதன்மைக் காரணம். புதிய கணினிகளின் விலையிலும் இது ஏறுகிறது. 2022இல் டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360ஐத் தாண்டியபோது பட்டதை நாம் மறக்கவில்லை. இறக்குமதிப் பொருளைப் புதிதாக வாங்குவது எப்போதும் அந்தக் கயிற்றில்தான் தொங்குகிறது. பழைய பெட்டிக்குத் தேவையான டிடிஆர்3 ரம், பாவித்ததாக, கடைகளில் இன்னமும் கிடைப்பதால் திருத்திப் பாவிப்பதன் பக்கம் தராசு சற்றுச் சாய்கிறது.

புரொசசரை மாற்றுவது பெரும்பாலும் வேண்டாத செலவு. ஒரு மதர்போர்ட் ஓரிரு தலைமுறைகளையே ஏற்கும். ஏஎம்டியின் ஏஎம்4 போர்ட்டுகள் மட்டும் விதிவிலக்கு. 2017இல் வந்த முதல் ரைசன் தொடக்கம் 5000 வரிசை வரை பலவற்றை, பயோஸ் இற்றைப்படுத்தலுடன், அவை ஏற்கும். கிராபிக்ஸ் கார்ட் வாங்கச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். கடிதம், இணையம், சூம் வகுப்பு, யூடியூப் ஆகியவற்றுக்கு அது தேவையில்லை.

செலவழிக்கும்போது ஒரு கணக்கை மனதில் வையுங்கள்: வாங்கும் பொருள் அடுத்த கணினிக்கும் உங்களோடு வருமா, இல்லை இந்தப் பெட்டியோடு நின்றுவிடுமா? எஸ்எஸ்டி வரும். மொனிட்டர் வரும். யூபிஎஸ் வரும். கீபோர்ட், மவுஸ் வரும். டிடிஆர்3 ரம்மும் பழைய மதர்போர்ட்டும் அதற்கான புரொசசரும் வரமாட்டா. வருபவற்றுக்குத் தாராளமாகவும் வராதவற்றுக்குக் கையை இறுக்கியும் செலவழியுங்கள்.

யூபிஎஸ் பற்றி ஒரு சொல். மின் போனதும் யூபிஎஸ்ஸும் சேர்ந்து நின்றுவிட்டால் முழுவதையும் எறிய வேண்டாம். வீட்டு யூபிஎஸ் பலவற்றில் 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பட்டரி ஒன்றே இருக்கும். இரண்டு, மூன்று ஆண்டுகளில் அது தேயும். பட்டரியை மட்டும் மாற்றலாம். இன்னமும் பழைய கண்ணாடிக் குழாய் மொனிட்டர் பாவிப்பவர்கள் அதை மாற்றுவதை முதலில் யோசிக்கலாம். எல்சிடி மொனிட்டர் அதன் மின்சாரத்தில் பாதிக்கும் குறைவாகவே எடுக்கும்.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்பதன் பொருள் என்ன?

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. கணினி அன்றோடு நின்றுவிடவில்லை. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் இற்றைப்படுத்தல்கள்தான் நின்றன. தனிநபர் பாவனையாளர்கள் மேலதிகத் திட்டம் ஒன்றில் சேர்ந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களைப் பெறலாம். மைக்ரோசொப்ட் கணக்கொன்றில் நுழைந்து அமைப்புகளைச் சேமிக்கச் சம்மதித்தால் அதற்குப் பணம் தேவையில்லை. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு நின்றுவிட்டது. குரோம் உலாவியும் 2023 பெப்ரவரியிலிருந்து அதற்குப் புதிய பதிப்புகளைத் தருவதில்லை. அந்தக் கணினிகளில் வங்கி வேலை செய்யாதீர்கள்.

விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை தேவை. ஒருசில விதிவிலக்குகள் தவிர அதற்கு முந்தியவற்றை மைக்ரோசொப்ட் ஏற்பதில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். சில கடைகளில் இந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போட்டுத் தருவார்கள். ஓடும், ஆனால் தொடர்ந்து இற்றைப்படுத்தல் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கோர் 2 டுவோவில் 2024இல் வந்த 24எச்2 பதிப்பு தொடங்கவே மாட்டாது. 'கிராக்' செய்த விண்டோஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். உரிமம் இல்லாமல் திறந்துவிடும் அந்தச் சிறு மென்பொருள்களோடு கடவுச்சொல் திருடும் நிரல்களும் வந்து சேர்கின்றன. உங்கள் பிரதிகள் இருக்கும் கணினியில் அதை ஏற்றுவது வேலிக்குள் பாம்பை விடுவது போன்றது.

இரண்டாம் தலைமுறை முதல் ஏழாம் தலைமுறை வரையானவற்றுக்கு நேரான வழி லினக்ஸ். லினக்ஸ் மின்ட் இலவசமானது. அதன் எக்ஸ்எவ்சிஈ பதிப்புக்குக் குறைந்தது 2 ஜிபி ரம் வேண்டும், 4 ஜிபி இருந்தால் நல்லது. பென் ட்ரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், கணினியில் எதையும் அழிக்காது. பிரின்டர் வேலை செய்கிறதா, ஸ்கானர் வேலை செய்கிறதா, தமிழ்த் தட்டச்சு சரியா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். பாமினி எழுத்துருவை அதிலும் நிறுவலாம். குறிப்பிட்ட கணக்கியல் மென்பொருளோ அடோபி மென்பொருள்களோ தொழிலுக்குத் தேவையானவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது.

எப்போது கைவிட வேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினாலும் பழைய பெட்டியில் பணம் போடுவதை நிறுத்துங்கள்.

மதர்போர்ட் பழுது. பழைய மாதிரிப் போர்ட் இப்போது பாவித்ததாகவே கிடைக்கும். அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது.

கோர் 2 டுவோவும் அதற்கு முந்தியவையும். கடிதம் தட்டச்சு செய்ய இருக்கிறபடியே ஓடட்டும். புதிதாக எதையும் வாங்கிப் போட வேண்டாம்.

தொழில் அல்லது படிப்பு இதில் தங்கியிருப்பது. தொலைத்தொடர்பு நிலையம் நடத்துபவர், வீடியோ தொகுப்பவர், உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் எடுத்த மாணவர் ஆகியோருக்கு ஒரு நாள் நின்றாலும் நட்டம்.

செலவு பாதியைத் தாண்டுவது. கடையில் இரண்டு விலைகளைக் கேளுங்கள். ஒன்று, பழையதைச் சரிசெய்ய ஆகும் மொத்தச் செலவு, கூலியும் சேர்த்து. மற்றது, எட்டாம் தலைமுறையைச் சேர்ந்த மீள்புதுப்பித்த கணினியின் விலை. முதலாவது இரண்டாவதின் பாதியைத் தாண்டினால் மாற்றுவதே சரி. இரண்டு கடைகளிலாவது கேளுங்கள். 18 வீத வற் வரி விலைக்குள் அடங்குமா என்பதையும் கேளுங்கள்.

வாங்குவதானால் எதை வாங்குவது?

புதிய பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்சென்டர் போன்றவை மீள்புதுப்பித்து விற்கப்படுகின்றன. உறுதியானவை. வாங்கும்போது எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். போனால் இன்று கைவிடும் அதே பிரச்சினையை நாளைக்குக் காசு கொடுத்து வாங்குவீர்கள். கடையிலேயே கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டி, சேமிப்பகம் எத்தனை மணித்தியாலம் ஓடியது, 'கோஷன்' என்று மஞ்சள் எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். இவற்றின் பவர் சப்ளையும் போர்ட்டும் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருப்பதால், பழுதானால் சாதாரண உதிரி பொருந்தாது. எனவே உத்தரவாதக் காலத்தைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் அண்ணாவோ சித்தியோ பழைய கணினியை அனுப்புகிறார் என்றால் அனுப்ப முன்னர் மூன்றைக் கேளுங்கள். வேலைத்தலத்தில் கொடுத்ததென்றால் நிறுவனப் பூட்டும் பயோஸ் கடவுச்சொல்லும் நீக்கப்பட்டனவா? பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் கீபோர்ட்டுகளில் எழுத்துக்கள் இடம் மாறியிருக்கும், அது பரவாயில்லையா? மூன்றாவது கனடா, அமெரிக்க டெஸ்க்டொப்புகளுக்கானது. மடிக்கணினி அடப்டர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். ஆனால் பழைய டெஸ்க்டொப்புகளின் பின்னால் ஒரு சிறு சிவப்பு ஆளி இருக்கும். அது 115இல் இருக்கும்போது நமது 230 வோல்ட்டில் செருகினால் ஒரே சத்தத்தில் பவர் சப்ளை போய்விடும். செருக முன் பின்னால் பாருங்கள். ஆளி இருந்தால் 230க்குத் தள்ளுங்கள். ஆளி இல்லையென்றால் ஒட்டியிருக்கும் தாளில் 100–240 என்று இருக்கிறதா என்று வாசியுங்கள்.

பழைய பெட்டியைக் கொடுக்கும்போது

கோப்பை அழித்தால் அது மறைகிறதே தவிரப் போய்விடுவதில்லை. விரைவுப் போர்மட் செய்தாலும் அப்படித்தான். இலவச மென்பொருளால் பலவற்றை மீண்டும் எடுத்துவிடலாம். ஒரு பெண்ணின் படமோ, ஒரு சாட்சியின் பெயரும் முகவரியுமோ, அடையாள அட்டைப் பிரதியோ யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. எனவே எளிய விதி: பெட்டியைக் கொடுங்கள், வன்தட்டைக் கொடுக்காதீர்கள். நான்கு திருகாணிகளும் இரண்டு வயர்களும்தான். கடைக்காரரிடம் "வன்தட்டைக் கழற்றித் தாங்கோ" என்று சொன்னால் மறுக்கமாட்டார். மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், போர்மட் செய்யும்போது 'குயிக் போர்மட்' என்ற சரிக் குறியை எடுத்துவிடுங்கள். நேரம் எடுக்கும். ஆனால் வன்தட்டின் மேல் முழுவதும் பூச்சியம் எழுதப்படும்.

பெட்டியையும் மொனிட்டரையும் கிணற்றடியில் எறியவோ வளவில் எரிக்கவோ வேண்டாம். கண்ணாடிக் குழாய் மொனிட்டர்களில் ஈயம் இருக்கிறது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளர்களிடம் கொடுக்கலாம்.

பட்டரிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். எதையும் எளிதில் எறிவதில்லை என்பது நமக்குப் பழக்கம். அது நல்ல பழக்கம்தான், எதற்குச் செலவழித்தால் பிழைக்கும் என்று கணக்குப் பார்க்கும் வரை.

அந்த அம்மாவின் பெட்டி ஐ3-2120. எச்61 போர்ட், 2 ஜிபி ரம், 500 ஜிபி வன்தட்டு. டிஸ்க் 100 வீதத்தில் நின்றது. மின்தேக்கிகள் நன்றாக இருந்தன. இரண்டு விலைகளையும் கேட்டபோது திருத்தும் செலவு பாதிக்குக் கீழேதான் வந்தது. பையனுக்கும் அது விளங்கியது. படங்களையும் கடிதங்களையும் முதலில் பிரதி எடுத்தான். பிறகு எஸ்எஸ்டியும் ரம்மும் போட்டு, லினக்ஸ் மின்ட் ஏற்றிக் கொடுத்தான். கழற்றிய வன்தட்டை ஒரு பழைய துணியில் சுற்றி அம்மாவின் கையில் கொடுத்தான்.

அவர் அதைப் பைக்குள் வைக்கவில்லை. முச்சக்கரவண்டியில் ஏறும்வரை கையிலேயே வைத்திருந்தார்.